வெள்ளோட்டம்

சாவியை என் கணவரிடம்தான் நீட்டினான் லியூ.
"அபாங், டர்போ. நூற்றெழுபது குதிரை."
குணசீலன் அதை வாங்கி
தாம்பூலம் மாற்றுவதுபோல் என் கையில் வைத்தார்.
அவரிடம் இருப்பது மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் மட்டும்.
பதினோரு வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் நான்.
பகாவ் கடைத்தெருவிலிருந்து மூன்றாம் டிவிஷன் வரை
எந்தக் குழியில் எந்தப் பிள்ளையின் தலை
கண்ணாடியில் முட்டும் என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
(ஓட்டுவது திறந்துகொண்டுதான்.)

முதல் வண்டி கறுப்பு.
மிதித்தால் முதுகை இருக்கையோடு தைத்துவிடுகிறது.
மில் மேட்டில் செம்பனைக் குலை லோரிகள் மூன்று
மூச்சிரைத்து ஏறிக்கொண்டிருந்தன;
மூன்றையும் ஒரே வீச்சில் தாண்டினேன்.
லியூ சிரித்தான். நானும்தான், பொய் சொல்வானேன்.
வேனில் அந்த மேட்டை
பிள்ளையாரை வேண்டிக்கொண்டு
இரண்டாம் கியரில் ஏறுகிறவள்.
ஆனால் தார் முடிந்து செம்மண் தொடங்கியதும்
வண்டி ஒவ்வொரு கல்லையும்
பெயர் சொல்லிக் கூப்பிட்டது.
பின்னாலிருந்து கவின்ராஜ், எட்டு வயது,
"அம்மா" என்றான்.
எந்த அம்மா எதற்கு என்று எனக்குத் தெரியும்.
பிளாஸ்டிக் பை தயாராக இருந்தது.
அவன் வயிறுதான் எங்கள் வீட்டு சஸ்பென்ஷன் மீட்டர்,
எந்தக் கம்பெனியும் அச்சடிக்காத புள்ளிவிவரம்.

அடுத்த சனிக்கிழமை, வேறு கடை, வெள்ளை வண்டி.
மெத்தை. மெத்தையின் மேல் இன்னொரு மெத்தை.
குழி வந்ததா, வந்து போய்விட்டதா என்று
கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
கவின்ராஜ் வாயைத் திறந்தபடி உறங்கிப்போனான்.
எனக்குத்தான் எங்கோ உறுத்தியது:
ஸ்டீயரிங்கைத் திருப்பினால்
பெயரைக் கூப்பிட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுகிற
கடைசி பெஞ்சுப் பையன்போலத் திரும்புகிறது.

நீர்த்தொட்டி வளைவில்
எதிரே வந்த லோரியின் மேலிருந்து ஒரு குலை
கழன்று விழுந்து எங்களை நோக்கி உருண்டது.
வெட்டினேன்.
வண்டி இடப்பக்கம் சாய்ந்தது, பிறகு வலப்பக்கம்,
பிறகு மனசு மாறியதுபோல்
மறுபடி இடப்பக்கம்.
ஓரத்துப் புல்லில் போய் நின்றோம்.
விற்பனைப் பெண் அஸ்லிண்டா
மேல்பிடியை விடவே இல்லை.
குணசீலனின் வலது கால்
இல்லாத பிரேக்கை இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது.
கவின்ராஜ் மட்டும் உறக்கத்தில்.

மில்லில் பாய்லர் பார்க்கிறவர்;
பழம் ரோட்டில் கிடந்தால் பொறுக்காது.
இறங்கிப் போய்க் குலையை முள்ளோடு கட்டிப்பிடித்து
ஓரத்தில் வைத்தார்.
உதிர்ந்த பழங்களையும் பொறுக்கினார்.
"இருபத்திரண்டு கிலோ இருக்கும்" என்றபடி
திரும்பி வந்து உட்கார்ந்தபோது
பால்நிறத் தோல் இருக்கையில்
ஆரஞ்சு நிறத்தில் ஐந்து விரல்.
அஸ்லிண்டா பார்த்தாள்.
நான் பார்க்காததுபோல் சிக்னல் போட்டேன்.

கடைசியில் வாங்கியது சாம்பல் நிற வண்டி.
யாரோ ஐந்து வருடம் ஓட்டியது.
குதிரை குறைவு, மெத்தையும் குறைவு.
ஒன்பது வருடத் தவணையை
நாள்காட்டியின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தோம்,
இரண்டு முறை, இரண்டு முறையும் வேறு விடை.
ஆனால் சொன்ன இடத்தில் திரும்புகிறது.
செம்மண்ணில் முனகுகிறது, புலம்புவதில்லை.
எடுத்து வந்த அன்று பாதி வழியில்
"அம்மா" என்றான் கவின்ராஜ்.
பையைத் தேடினேன்.
பசிக்கிற அம்மா அது.

மில் மேட்டில் லோரிக்குப் பின்னால் ஊரும்போது
என் கால் அந்தக் கறுப்பை நினைத்துக்கொள்ளும்;
அது காலுக்கும் எனக்கும் உள்ள விஷயம்.
குணசீலனுக்கு வேறு கவலை.
கடைத்தெருவில் வெள்ளை வண்டி எது நின்றாலும்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
முன் இருக்கையை எட்டிப் பார்க்கிறார்.