பசையின் பெயர்

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்து, உறைந்ததன் மேல்
இன்னொரு தடவையும் உறைந்திருந்தது.
என் வீட்டு நிலவறையில்
துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் கொதிகலனுக்கும் நடுவே
மடக்குக் கட்டில், வட்ட விளக்கு,
அறுபது டாலர் சான்றிதழ்:
இரண்டு நாள் காணொளிப் பயிற்சி,
என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
சட்டம் போட்டு மாட்டியிருந்தேன்.
அந்த அறையில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

லோர்னா கிவேலா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.
ஐம்பதாவது பிறந்தநாள்.
"முகத்தில் ஏதாவது ஒன்று
எனக்கென்று இருக்கட்டும்" என்றாள்.
கடைத்தெருவில் நூற்றெண்பது.
என்னிடம் எழுபது, ரொக்கமாக.

காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து
ஒருநாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.
தெரியும்.
காணொளியில் பன்னிரண்டாவது நிமிடம்.
அவளுக்கு அன்று மட்டும்தான் விடுமுறை.
எனக்கு அன்றுதான் எரிவாயுக் கட்டணத்தின் கடைசி நாள்.
இடுக்கியைப் பாஸ்தா பானையில் கொதிக்கவைத்தேன்,
இதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மணி நேரம்.
ஒவ்வொரு முடியாகப் பிரித்து, தொட்டு, ஒட்டி.
பாதியில் தூங்கிவிட்டாள், வாய் லேசாகத் திறந்து.
கண்ணை மூடிக்கொண்டு நம்புவது என்பார்களே,
அதை அதற்குமுன் நான்
அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

மறுநாள் விடிகாலை நான்கு மணிக்குத் தொலைபேசி.
"கண் திறக்கமாட்டேன் என்கிறது."
குரலில் கோபமே இல்லை.

என் காரில், பக்கத்து இருக்கையில்,
நனைத்த துண்டை முகத்தில் பொத்தியபடி
வண்டி நிற்கும்போதெல்லாம் கேட்டாள்:
"சிவப்பா?"
"சிவப்பு."
"இப்போது?"
சாலையில் எங்களைத் தவிர யாருமில்லை.
முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஏற்றுகிற பெண்ணுக்கு
நான் நிறம் சொல்லிக்கொண்டு போனேன்.

மருத்துவமனையில் தாதி ஓலாவ்சன் கேட்டான்:
"பசையின் பெயர் என்ன?"
புட்டியைக் கொண்டுவந்திருந்தேன்,
கட்டைவிரல் அளவு, கறுப்பு.
எழுத்துகள் அங்கிருந்த யாருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில்.
தேதி இருக்கவேண்டிய இடத்தில் தேய்ந்த வெள்ளை.
அதன்மேல் நானே ஒட்டிய சீட்டு: 'மென்மையானது'.

"எங்கே போய்ச் செய்துகொண்டீர்கள்?"
"எங்கேயும் இல்லை" என்றாள் லோர்னா.
"நானேதான். குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து."

அவன் என் கையில் இருந்த புட்டியைப் பார்த்தான்.
பிறகு குனிந்து எழுதினான்.
நான் வாய் திறக்கவில்லை,
உதட்டில் ஒரு சொட்டு விழுந்துவிட்டதுபோல.

களிம்பு தடவி ஊறவிட்டு
ஒவ்வொன்றாக எடுத்தான்.
எஃகுத் தட்டில் அவை
நனைந்த எறும்புகள்போல் சேர்ந்தன.
கண்ணை இமை காப்பதுபோல் என்று
சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.
வீங்கிய இமையைக் காக்க
அந்த நேரத்தில் கிடைத்தது
பனித்துண்டு சுற்றிய ஒரு காகிதக் கைக்குட்டை.

ஒன்பது நாள் அவள் பேருந்தை வேறு யாரோ ஓட்டினார்கள்.
பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை.
எழுபது டாலரை அவள் தபால் பெட்டியில் போட்டுவந்தேன்.
திரும்பி வந்தது, ஒரு சீட்டோடு:
'ஒரு ராத்திரி நன்றாகத்தான் இருந்தது.'

இப்போது மாநிலத்தின் படிவம் மேசையில்.
கை கழுவும் தொட்டி கட்டிலிலிருந்து எத்தனை அடி?
தனி வாசல் உண்டா?
காற்று வெளியேற வழி?
அளவு நாடாவோடு நிலவறையில் மண்டியிட்டேன்.
பயிற்சிப் பள்ளிக்குக் கேட்கிற பணம்
இந்தக் கட்டில் ஆறு மாதம் சம்பாதித்ததைவிட அதிகம்.
விதி எழுதியவர்கள் யாருக்கும்
எழுபது டாலருக்குள் அழகாகவேண்டிய தேவை
வந்திருக்காது என்று கொதிகலனிடம் கத்தினேன்.
பிறகு மறுபடி அளந்தேன்.
சலவைத் தொட்டி. நான்கடி. அதில் பிளீச் வாடை.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி:
உரிமம் இல்லாமல் இதற்கு முன்
எவருக்கேனும் செய்ததுண்டா?
ஆம். இல்லை.
இரண்டும் ஒரே அளவுக் கட்டங்கள்.

காரில் கிடந்த பேனாவில் மை உறைந்திருக்கிறது.
உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து
உருட்டிக்கொண்டிருக்கிறேன்.