இரண்டாவது நாண்

கராஜில் ஒற்றை பல்பு.
இந்த வருடம் ஐடஹோ மலைகளில் செப்டம்பரே பல்லைக் கிட்டுகிறது.
தரையில் படுதா விரித்து
எல்லாவற்றையும் இரண்டிரண்டாய் அடுக்குகிறேன்,
வெள்ளத்துக்கு முன் கப்பலில் ஏற்றுகிறவன் மாதிரி.

முதல் வில்லைப் பற்றிக் கவலையில்லை.
அது கையிலேயே இருக்கும், கை பார்த்துக்கொள்ளும்.
கவலையெல்லாம் பையில் தூங்கப் போகிற இரண்டாவதைப் பற்றி.
மூன்று துண்டாய்க் கழன்று வருவது.
இழுவை ஐந்து பவுண்டு குறைவு.
பிடியில் என் வியர்வை இன்னும் ஊறவில்லை,
குலுக்கும்போது அந்நியன் கைபோல் இருக்கிறது.

இரண்டாவது நாணைக்
கடையில் வாங்கி உறையோடு வைத்துவிட முடியாது.
புது நாண் முதல் நூறு அம்புக்கு நீண்டுகொண்டே போகும்,
ஒவ்வொரு எய்தலுக்கும் ஒரு பொய் சொல்லும்.
நாணுக்கும் நாணம் தெளிய வேண்டும்.
ஆகஸ்ட் மாலைகளில், மின்கம்பம் ஏறி இறங்கிய காலோடு நின்று,
வைக்கோல் கட்டில் எய்து எய்து பழக்கினேன்.
அம்பு கோக்கும் இடத்தில் சிவப்பு நூல்.
தேன்மெழுகு. முறுக்கு அவிழாதபடி
இரு முனையையும் சேர்த்துக் கட்டி
புகையிலை டப்பாவுக்குள் சுருட்டி வைத்தேன்.

இவ்வளவும் ஏன் என்றால்,
நான்கு வருடம் முன்பு, பதினோரு மைல் உள்ளே,
ஈரப் பாறையில் சறுக்கினேன்.
எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.
வில்லின் மேல்கை மட்டும்
சொடக்குப் போட்ட மாதிரி ஒரு சத்தம்.
மீதி ஆறு நாளும் கார்லைலுக்குக் காபி போட்டுக்கொடுத்தேன்.
நல்ல காபி என்றான்.
அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆகவே
பன்னிரண்டு சிடார் அம்புக்கு மேல் இன்னும் ஆறு,
மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் குழாயில்.
கூர்முனைகள், அவற்றுக்கு அரம்,
அரம் தொலைந்தால் சாணைக்கல்.
வான்கோழி இறகு, பசை, பசையை உருக்க லைட்டர்.
விரலுறை ஒன்று, ஈரமானால் இன்னொன்று,
அதுவும் ஈரமானால்,
என்று எண்ணி மூன்றாவதையும்.
இரவு ஒரு மணிக்கு ஒருவன் தன்னோடு பேரம் பேசினால்
பயம்தான் எப்போதும் ஜெயிக்கிறது.

விடிகாலை, பாதை தொடங்கும் இடம்.
கோவேறு கழுதைகளின் மூச்சு ஆவியாய்.
நடீன் ஆஸ்ட்ரண்டர் பைன் கிளையில் சுருள்தராசு மாட்டி
இடப்பெட்டியையும் வலப்பெட்டியையும் மாறி மாறி நிறுக்கிறாள்.
இரண்டும் ஒரே எடை நிற்க வேண்டும்,
இல்லாவிட்டால் கழுதை முதுகு புண்ணாகும்.
பெட்டியைத் திறந்து பார்க்கிறாள்.
"இது?"
"உபரி விரலுறை."
"இது?"
"அந்த உபரிக்கு உபரி."
சிரிக்கவில்லை. அடுத்த பெட்டியையும் கிளறினாள்.
"கறி கட்டும் பைகள் எந்தப் பக்கம் வைத்தாய், டெல்மர்?"

நான் கார்லைலைப் பார்த்தேன்.
கார்லைல் கழுதையைப் பார்த்தான்.
அறுந்தால், முறிந்தால், நனைந்தால், தவறினால்,
எல்லாவற்றுக்கும் ஒன்று இருந்தது என்னிடம்.
பட்டுவிட்டால்,
எண்ணூறு பவுண்டு எல்க் ஒன்று மரத்தடியில் சாய்ந்து
ஈக்கள் என்னை முந்திக்கொண்டு வந்துவிட்டால்
என்ன செய்வேன் என்று
அந்த பல்பின் கீழே ஒருமுறைகூட எண்ணவில்லை.

நடீன் ஒன்றும் சொல்லாமல் டிரெய்லருக்குள் போனாள்.
நான்கு தலையணை உறைகளோடு வந்தாள்,
நீலப் பூப்போட்டவை,
ஒன்றில் இன்னும் அவள் தலைமுடி ஒட்டியிருந்தது.
இரண்டாவது வில்லின் மேல் மடித்து வைத்தாள்.
தராசு முள் ஒரு மயிரிழை அசைந்தது.
மூன்றாவது விரலுறையை வெளியே எடுத்து
லாரி சீட்டில் எறிந்தாள்.
முள் திரும்பி நின்றது.

கயிற்றை இறுக்கும்போது சொன்னாள்:
"ரத்தத்தோடு வந்தாலும் சரி, இப்படியே மடித்தபடி வந்தாலும் சரி.
நாலும் எனக்குத் திரும்ப வேண்டும்.
துவைத்து."