வோல்ட் நோட்டு

வாடை விழுந்துவிட்டது.
அரியமானில் வண்டியின் வடக்கு ஜன்னல்
ராத்திரி முழுக்கப் பல் கடிக்கிறது.
படகுக்காரர்கள் நேற்றே தென்கடலுக்கு மாறிவிட்டார்கள்.
நாமும் கிளம்பலாம் என்கிறார் குபேந்திரன்,
மூன்று நாளில் அவர் பேசிய முதல் பேச்சு.

சாவி என்னிடம்.
முப்பத்தொரு வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீசில்
ஊரார் லைசென்சுக்கு முத்திரை குத்தினவள்,
ஓய்வுபெற்ற மறுமாதம்
அதே மைதானத்தில் அதே இன்ஸ்பெக்டர் முன்னால்
ரிவர்ஸ் எடுத்துக் காட்டினேன்.

பழைய ஸ்கூல் வேன்.
எவ்வளவு சுரண்டியும் கதவிடுக்கில் கொஞ்சம் மஞ்சள் நிற்கிறது.
காலையில் சில ஊர்களில்
பைக்கட்டோடு பிள்ளைகள் கைகாட்டி நிறுத்துகிறார்கள்,
உள்ளே கட்டிலையும் குக்கரையும் பார்த்துவிட்டு
ஏமாந்து போகிறார்கள்.

அவருக்கு ஸ்டீயரிங் ஆகாது. எண்கள்தான்.
மின்வாரியத்தில் வீடுவீடாக மீட்டர் பார்த்த கண்ணுக்கு
இப்போது ஒரே வீடு.
கூரைமேல் சோலார், பெஞ்சுக்கடியில் பேட்டரி.
காலையும் மாலையும் குனிந்து பார்த்து
நீல மையில் எழுதுவார்:
12.6
12.4
மூடாக்குப் போட்ட நாள் 12.1, அடியில் ஒரு கோடு.
கோடு விழுந்தால் அன்றைக்கு மிக்சி கிடையாது,
அம்மியும் கிடையாது, துவையல் கனவுதான்.

சண்டை தண்ணீரால் வந்தது.
தலைக்கு நான் ஊற்றிக்கொண்டது இரண்டு குடமாம்.
குடம் பன்னிரண்டு ரூபாய்,
அதுவும் ஜுனைதா மணல் ஊற்றில் உட்கார்ந்து
சிரட்டையால் கோரிக் கோரி நிரப்பியது.
சாயங்கால வேளையில் எவளாவது தலை குளிப்பாளா
என்றும் கேட்டார்.
அது என் காதில் விழவில்லை.
பன்னிரண்டு ரூபாய் மட்டும் விழுந்தது.

பதினோரு அடி வீட்டில்
கோபித்துக்கொண்டு போக அடுத்த அறை இல்லை.
கதவைத் திறந்தால் கடல்.
வேட்டியைத் தூக்கிக்கொண்டு
முழங்கால் தண்ணீரில் போய் நின்றார்.
அரைமணி நேரம்.
சொறி பட்டதும் வந்துவிட்டார்.
வினிகர் ஊற்றினேன், பேசவில்லை.

உச்சிப்புளியில் ரயில்வே கேட் போட்டிருந்தது.
வடை வாங்கி வருகிறேன் என்று இறங்கினார்.
டேஷ்போர்டிலிருந்து நோட்டு வழுக்கி
என் மடியில் திறந்தது.

வோல்ட்டுக்குப் பக்கத்தில்
பென்சிலில் இன்னொரு வரிசை.
4. 6. 3. 5.
ஆம்பியராக இருக்கும் என்று நினைத்தேன்.
சர்க்கரையோ என்றால் இவ்வளவு குறையாது.
மேலே தலைப்பில் ஒற்றை எழுத்து: இ.
நான் தலை குளித்த தேதிக்கு நேரே
14, அடியில் இரண்டு கோடு.

இருமல்.

ஓரத்தில் பொடி எழுத்தில்
'ராம்நாடு பெரியாஸ்பத்திரி, திங்கள் அல்லது புதன்'
திங்களை அடித்திருந்தார்.
புதனுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி,
என்னிடம் எப்படிச் சொல்வது என்பதுபோல வளைந்து.

ரயில் போனது. கேட் தூக்கினார்கள்.
பின்னால் மீன் லாரி ஹாரனை அழுத்துகிறது.
எண்ணெய்க் காகிதத்தோடு ஓடிவந்து ஏறினார்.
நோட்டு டேஷ்போர்டில் இருந்தது, மூடியபடி.
'புதன்கிழமை எனக்கு ஒன்றும் வேலையில்லை' என்றேன்,
கியரைப் பார்த்துக்கொண்டு.
வடையைப் பாதியாகப் பிட்டு
பெரிய பாதியை நீட்டினார்.

புதுமடத்தில் கடல் படிந்து கிடந்தது.
அரியமான் படகுகள் எங்களுக்கு முன்பே வந்து
கவிழ்ந்து படுத்திருந்தன.
சீனி முகம்மது டார்ச் அடித்து
மேட்டுக்கு வரச் சொன்னார், வரச் சொன்னார்,
கடைசியில் பின்சக்கரம் இரண்டும் மணலில்.
காலையில் ஆள் கூட்டி இழுக்கலாம் என்று போய்விட்டார்.

விளக்கணைத்துப் படுத்ததும் தொண்டை அரித்தது.
ஒன்றை விழுங்கினேன்.
அடுத்ததை விழுங்கவில்லை;
கணக்கு கணக்காக இருக்கட்டும்.

இருட்டில் பென்சில் உருளும் சத்தம்.
தேடுகிறார்.
தேடாததுபோலக் கேட்கிறார்:
'கைபிரேக் போட்டியா?'

ரிம் வரைக்கும் மணல்.

போட்டேன் என்றேன்.