காலங்கடந்த பதிவு

அலுமாரியின் மேல்தட்டில்
பூச்சி அரித்த மர்ம நாவலுக்குள் இருந்தது.
வாடகை நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்காத புத்தகம்;
அபராதம் கணக்குப் பார்த்தால்
வெள்ளவத்தையில் இன்னொரு ஃபிளாட் வாங்கலாம்.

நீ எப்போதும் கடைசிப் பக்கத்தை முதலில் வாசிப்பாய், வினோ.
கொலைகாரன் யாரென்று தெரிந்துகொண்டே
ஒன்றும் அறியாதவள்போல்
என் பக்கத்தில் இருந்து நகம் கடிப்பாய்.

இரண்டு பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள்.
ஒன்று எண்பத்திரண்டு, மாசி.
மற்றதிலும் அதே திகதி. மைதான் வேறு.
மூலையில் சாய்வாக: காலங்கடந்த பதிவு, எண்பத்துநாலு.
அதில் என் பெயர்.

டொக்டர், கோயில் ஐயர், பள்ளிக்கூட வான்காரர்,
எல்லோரும் ஒரே அச்சு என்றார்கள்.
எல்லோரும் சட்டையைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

எண்பத்துமூன்று ஆடியில்,
கொட்டாஞ்சேனைப் பழைய ஒழுங்கையில்
எரிந்த மூன்றாம் வீட்டில் ஒரு தொட்டில் இருந்ததாம்.
அம்மா ஒருநாள் சொல்லத் தொடங்கி,
பால் பொங்குது என்று எழும்பிப் போனா.
அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

புதுக்கடைக் கோட்டில்
இந்த வீட்டுக்காக உன்மேல் வழக்குப் போட்டேன்.
'அவள் எங்கட ரத்தமே இல்லை' என்று
விறாந்தையில் நின்று கத்தினேன்.
நீ கைப்பையை மடியில் வைத்து
இரண்டு கையாலும் அமத்திப் பிடித்திருந்தாய்.

தெஹிவளைக்கு ரயிலில் நாலு நிமிஷம்.
பதினொரு வருஷமாய் நான் ஏறவில்லை.

வீட்டுத் திறப்பை மேசையில் வைத்தாய்.
இதைக் கடைசிப் பக்கத்தில் வைத்தாய்,
நான் எதையும் முடிப்பதில்லை என்று தெரிந்தே.
நூற்றியிருபதாம் பக்கத்தில்
இன்னும் என் மடிப்பு.