நாற்பத்தோராம் பக்கம்

தார்த்து நகரம், பிப்ரவரி, நாலரைக்கே இருட்டு.
காலணியைத் தட்டிவிட்டு வரவும் என்று
வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறார் ஊர்மாஸ்.
யாரும் தட்டுவதில்லை.
தரை நெடுக ஈரம்.

பேருந்துக்கு இன்னும் இருபது நிமிடம்.
கண்ணாடிக்குப் பின்னால் பித்தளைப் பூட்டுப் போட்ட வேதாகமம்,
விலை கேட்கக்கூடத் துணிவில்லை.
கழுத்தை ஒருக்களித்து
புத்தக முதுகுகளைப் படித்தபடி நகர்கிறேன்.
ஏணிக்குக் கீழே
சமையலுக்கும் தச்சுவேலைக்கும் நடுவே
என் காளான் கையேடு.

என்னுடையதேதான்.
அட்டையில் காப்பிக் கோப்பையின் வளையம்.
வீடு மாறியபோது பெட்டியோடு விற்றது.

நாற்பத்தோராம் பக்கத்தில், பென்சிலில், நான்:
"தாராளமாய்ச் சாப்பிடலாம்."
அதன் கீழே நீல மையில் யாரோ:
"சாப்பிட்டேன். இரண்டு நாள் படுக்கை.
இருமுறை கொதிக்கவிட்டு நீரை வடிக்கணும், புண்ணியவானே."

புண்ணியவானாம்!
சிரித்துவிட்டேன். அலமாரிக்கு அந்தப்பக்கம்
யாரோ செருமினார்கள்.

புரட்டப் புரட்டச் சண்டை.
"பைன் காட்டில் இல்லை, பிர்ச் மரத்தடியில்."
"மாவு வாசனையா? எனக்குச் சோப்பு."
அறுபத்தெட்டில் மட்டும்
"இது சரி."

"யார் கொண்டுவந்து போட்டது?"
ஊர்மாஸ் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"வாங்குகிறீர்களா?"
ஒன்றரை யூரோவுக்கு நான் கொடுத்தது, இப்போது மூன்றரை.
குறிப்புகள் இருக்கின்றனவே, என்றார்.

அவரிடமே பென்சில் கேட்டு வாங்கி
பக்கத்தில் மிஞ்சிய வெள்ளையில்
"வடிக்கச் சொல்ல மறந்துவிட்டேன். மன்னிக்கவும்.
உடம்பு இப்போது எப்படி?"
என்று எழுதி
ஏணிக்குக் கீழேயே செருகிவைத்தேன்.

பேருந்து போய்விட்டிருந்தது.