சீழ்க்கை

டாக்டர் ஹிமேனா ஒயார்சூன் எழுதிய கட்டுரைகள் நாற்பத்தொன்று.
எல்லாவற்றையும் தராசில் வைத்தாலும்
ஒரு மூட்டைத் தீவனம் தேறாது என்பேன்.
சிரிப்பார்.
பதினேழு கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில்
நன்றி சொல்லும் இடத்தில், பொடி எழுத்தில் நானும் உண்டு:
ந. வென்சுமான், விலங்குப் பராமரிப்பு.
முதல் தடவை வந்ததை என் மனைவி கத்தரித்து
குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினாள்,
மின்கட்டண ரசீதுக்குப் பக்கத்தில்.

வால்பரைசோவில், குன்றின்மேல், மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கிரேன்கள்.
உள்ளே தேகுகள்.
எலியும் இல்லை, அணிலும் இல்லை,
வால்நுனியில் தூரிகை மயிர்,
பகலெல்லாம் தமக்குள் பேசித் தீராத இனம்.

குட்டியைத் தினமும் ஒரு மணி நேரம்
தாயிடமிருந்து பிரிக்க வேண்டும்.
பிரிப்பது என் கை.
அறுபதாம் நாள் அந்தக் குட்டி
திறந்த பெட்டியின் நடுவுக்கு வருகிறதா
சுவரை உரசிக்கொண்டே போகிறதா,
மூளையில் எந்த ரசாயனம் ஏறியது, எது வற்றியது,
அதெல்லாம் டாக்டர் அளப்பார்.
எனக்கு அளவு தேவையில்லை.
சிறையிலிருந்து வந்தபின் என் தம்பி
வீட்டுக் கூடத்தில் அப்படித்தான் நடந்தான்.

ஒருமுறை குடலிறக்க அறுவைக்காக மூன்று வாரம் படுத்துவிட்டேன்.
அந்த மூன்று வாரமும்
யாரும் தொந்தரவு செய்யாத கூண்டுகளில்கூட
கார்டிசால் எகிறியிருந்ததாம்.
தண்ணீரைச் சோதித்தார். விளக்குகளை மாற்றினார்.
தீவனத்தை சாந்தியாகோவுக்கு அனுப்பினார்.
நான் திரும்பி வந்தேன், கோடு இறங்கியது.
ஒரு வாரம் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.
"நோல்பெர்த்தோ, நீங்கள் சீழ்க்கை அடிக்கிறீர்கள்."

எனக்கே தெரியாது.
கூண்டு கழுவும்போது உதட்டுக்குத் தானாக வரும்
ஏதோ ஒரு குவேக்காவின் பாதி.
"ஆறு வருட அளவீட்டில் நீங்கள் கலந்திருக்கிறீர்கள்" என்றார்,
பாலில் தண்ணீர் ஊற்றியவனிடம் சொல்வதுபோல.
கோபமா, சந்தோஷமா, முகம் பிடிபடவில்லை.
முப்பத்திரண்டாம் கட்டுரை அதைப் பற்றியது.
அதில் என் பெயர் இல்லை.
'விலங்குகளுக்குப் பழக்கமான ஓர் ஆண்' என்று இருக்கிறேன்.
அதற்குப் பிறகு வாயைக் கட்டிக்கொண்டேன்.
ஒரு மாதம் உதடு அரித்தது.

போன ஆகஸ்டில் ஓர் இரவு, ஈன்ற தாய்களுக்காக நான் காவல்.
மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு
தரை முதலில் உறுமியது, பிறகு ஆடியது.
விளக்கு போனது.
எண்பது கூண்டிலும் சத்தமில்லை.
வாயாடி இனம் வாய் மூடினால் எப்படியிருக்கும் என்று
அன்றுதான் கேட்டேன்.

டாக்டர் ஓடி வந்தார், இரவு உடைக்கு மேல் மழைக்கோட்டு,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து
இக்கிக்கேயில் இருக்கும் மகனுக்குத் தொலைபேசியை அழுத்தி அழுத்தி
பார்த்தார். போகவில்லை.
கை வெடவெடத்தது, அதைக் கைக்கு அடியில் ஒளித்தார்.
நான் உதட்டை நனைத்துக்கொண்டேன்.
அவர் கவனித்துவிட்டார்.
"சோதனை வியாழன்வரை" என்றார். "இன்று செவ்வாய்."
சரி என்றேன்.
இருபது நிமிடம் போனதும்
பெட்டியைத் திறந்து பஞ்சை எடுத்து மென்றார்.
ரத்தத்தில் ஏறியது எச்சிலுக்கு வர அவ்வளவு ஆகுமாம்.
குழாயில் போட்டு நேரத்தை மட்டும் எழுதினார்.

பெயரில்லாத மாதிரிகளை வருடக் கடைசியில் எறிய வேண்டும், விதி.
உறைபெட்டியின் மேல்தட்டைத் துடைக்கும்போது
அதை எடுத்துப் பிடித்துக்கொண்டு, துடைத்துவிட்டு,
திரும்ப வைக்கிறேன்.

நாற்பத்தொன்றாம் கட்டுரை நேற்று வந்தது.
நான்காம் பக்கம், அடிக்குறிப்பு:
நில அதிர்வினால் எண்பது விலங்குகளும்
கணக்கில் சேர்க்கப்படவில்லை.

அப்படியானால் அன்றிரவு அடித்திருக்கலாம்.
வியாழன்வரை காத்திருந்தேன் நான்.