தாமதப் பதிவேடு

மூன்று நாள் பயிற்சி,
கோத்தகிரி வட்டார வள மையத்தில்.
மஞ்சள் சார்ட்டில் எங்கள் குழு ஒரு மரம் வரைந்தது.
வேருக்குத் 'தலைமைத்துவம்' என்று எழுதினோம்,
கிளைக்கு 'மாணவர் குரல்'.
பழத்துக்கு என்ன எழுதுவது என்று யோசிப்பதற்குள்
டீ வந்துவிட்டது.

இரண்டாம் நாள் மதியம்
கருத்தாளர் எஸ்தர் கனகமணி
புரொஜெக்டரை அணைத்துவிட்டுக் கேட்டார்:
"உங்க பள்ளியில ஒரு பிள்ளை
கடைசியா எடுத்த முடிவு எது?
உங்களைக் கேக்காம."

கடைசி இரண்டு சொல்லில்
நாற்பது தலைமை ஆசிரியர்களும்
பேனா மூடியைக் கழற்றி மாட்டத் தொடங்கினோம்.
அரவேனு சார் மட்டும் ஏதோ எழுதினார்,
பக்கத்தில் இருந்த நான் பார்த்துவிடாமல்
முழங்கையால் மறைத்துக்கொண்டு.

நான் எழுதியது: மாணவர் தலைவர் தேர்தல்.
தேதி வைத்தது நான்.
யார் நிற்கலாம் என்று சொன்னது நான்.
சீட்டை எண்ணியதும் நான்.
அடித்துவிட்டேன்.
தாளில் மை ஊறிப்போகும்வரை அடித்தேன்.

நான்காம் நாள் மினி பஸ் தாமதம்.
தேயிலைச் சரிவில் ஏறுகிறேன்.
ஒன்பது பத்து. ஒன்பதே கால்.
மணிச்சத்தமே இல்லை.
கோபம் முழங்காலிலிருந்து ஏறியது,
இந்த ஏற்றத்தில் எல்லாமே
முழங்காலிலிருந்துதான் ஏறும்.
'மூணு நாள் நான் இல்லைன்னா...'
பாதி வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

வளைவில் லெனின். ஆறாம் வகுப்பு.
உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டி,
"அங்கயே நில்லுங்க டீச்சர்."

நின்றேன்.
பனி ஒரு ஓரம் விலக,
கொடிக்கம்பத்தருகே ஒரு காட்டெருமை,
அதன் வயிற்றடியில் கன்று.
வராந்தாவில், எங்கள் மணியான
தண்டவாளத் துண்டின்மேல்
தன் ஸ்வெட்டரைச் சுற்றிக் கட்டிவிட்டு
நிரோஷினி நிற்கிறாள்,
குளிரில் கைகளை அக்குளில் செருகி.
சன்னலுக்குள் ஒன்றாம் வகுப்பு தரையில்.
அவர்களோடு சம்மணமிட்டு
நம் பால்ராஜ் சாரும்.
உட்காரச் சொல்லியிருப்பாள் போல.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
அட்டை ஒன்று செருப்புக்குள் புகுந்திருந்தது,
குனியக்கூட எனக்கு அனுமதி இல்லை.
பிறகு பெரியது
சோலைப் பக்கம் திரும்பி நடந்தது.
"இப்ப போலாமா?" என்றேன்.
நான்தான் கேட்டேன்.
லெனின் வராந்தாவைப் பார்த்தான்.
அவள் தலையை ஆட்டினாள்:
கன்று இன்னும் வேலியைத் தாண்டவில்லை.

தாண்டியது.
ஸ்வெட்டரை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு
அதன்பின்தான் அடித்தாள்,
வழக்கமான ஏழு அடி,
ஒன்றும் கூடவில்லை குறையவில்லை.

தயாராக வைத்திருந்த பாதி வாக்கியம்
எங்கே விழுந்ததோ.

வாசலில் தாமதப் பதிவேடு.
நான் தொடங்கியதுதான், ஆடி மாத மழையில்,
லைன் வீட்டுப் பிள்ளைகளுக்காக.
லெனின் நோட்டைத் திறந்தான், மூடினான், திறந்தான்.
"உங்க பேரும் எழுதணுமா டீச்சர்?"
"எழுது."

பெயர், நேரம், காரணம்.
காரணத்துக்கு மட்டும்
இருவரும் குனிந்து கொஞ்சம் பேசினார்கள்.
அப்புறம் எழுதினான்:
நாங்கள் நிற்க்கச் சொன்னோம்.

ஒரு 'க்' அதிகம்.
சிவப்புப் பேனா பையில்தான் இருந்தது.